ராஜிக்கு எத்தனை மார்க்?

2020 ஆகஸ்ட் 18-ஆம் தேதி, புனேயில் செய்த ஒரு வீடியோ கேம் உலகத்துக்கு வெளியானது. வெளியான கருவி நிண்டெண்டோ ஸ்விட்ச். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கருவியை நிண்டெண்டோ கம்பெனி அப்போது இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கவே இல்லை! துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மாமாவிடம் சொல்லி வாங்கிவரச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கள்ளச்சந்தை விலைக்கு வாங்க வேண்டும். ஆக, இந்தியப் புராணத்தை வைத்து இந்தியாவில் செய்த விளையாட்டை முதலில் ஆடிப் பார்த்து மார்க் போட்டவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும்தான். கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கு அது வந்தது அக்டோபர் 15-இல். இந்திய ஆட்டக்காரர் அதைத் தொடுவதற்குள் தீர்ப்பு வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது.

அந்த விளையாட்டின் பெயர் 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்'.

ராஜி என்றதும் மேலநீலிதநல்லூர் பக்கம் யாருக்கும் வீடியோ கேம் ஞாபகத்துக்கு வராது. ராஜேஸ்வரியைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர் அது. தெருவுக்கு ஒரு ராஜி அக்காவாவது இருப்பார். இந்த ராஜி வித்தை காட்டிப் பிழைக்கும் ஒரு இளம்பெண். ரக்ஷா பந்தன் திருவிழா அன்று அசுரர்கள் ஊருக்குள் புகுந்து அவளுடைய தம்பி கோலுவைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அசுரர் தலைவன் மகாபலாசுரன். துர்க்கை அவளுக்குத் திரிசூலம் கொடுக்கிறாள், விஷ்ணு வில் கொடுக்கிறார். கோட்டை, அரண்மனை, பாலைவனம் என்று தம்பியைத் தேடிப் போகிறாள். முடிக்க நாலைந்து மணி நேரம் ஆகும்.

இதெல்லாம் நடப்பது ஐசோமெட்ரிக் என்று சொல்லப்படும் கோணத்தில். மொட்டை மாடியில் நின்று எதிர்வீட்டு வாசலில் கோலம் போடுபவரைப் பார்த்தால் எப்படித் தெரியும்? தலைக்கு மேலிருந்தும் இல்லை, நேர் எதிரிலும் இல்லை, சாய்வாக. அதுதான். இந்தக் கோணத்தை வைத்து உலகத்தையே ஆட்டிவைத்தது 1996 கடைசியில் வந்த 'டயாப்லோ'. மந்திரம், பேய், வாள், நிலவறை, செத்த எதிரியிடமிருந்து உதிரும் பொக்கிஷம் என்று ஒரு தனி வகையே அதிலிருந்து கிளைத்தது. ராஜியை அந்தக் குடும்பத்தின் நேர் வாரிசு என்று சொல்ல முடியாது. பொக்கிஷம் பொறுக்கும் வேலை இதில் கிடையாது, கதாபாத்திரத்தை ஆட்டக்காரர் தன் இஷ்டப்படி வளர்ப்பதும் கொஞ்சம்தான். ஆனாலும் சித்தப்பா மகள் முறையாவது வரும்.

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்? சராசரி எடுத்தால் நூற்றுக்கு எழுபதை ஒட்டி வந்தது. காலேஜ் கணக்கில் அது ஃபர்ஸ்ட் கிளாஸ். கேம் விமர்சன உலகத்தில் 'பரவாயில்லை, அவசரமில்லை' என்று அர்த்தம். ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதினார்கள். கட்டடங்களும் ஓவியங்களும் பிரமாதம், இசை நன்றாக இருக்கிறது, சண்டை மட்டும் விறைப்பாக இருக்கிறது. பட்டனை அழுத்தினால் ராஜி நகர்வதற்குள் அசுரன் அடித்துவிடுகிறான். கேமராவைத் திருப்ப முடியாது. தாவினால் எங்கே விழுவோம் என்று தெரிவதில்லை. ஸ்விட்ச் கருவியில் படம் மங்கல். கதை முடிகிற இடத்தில் முடியாமல் சட்டென்று நிற்கிறது.

இவ்வளவும் உண்மை. ஆடிப் பார்த்த யாரும் மறுக்க முடியாது.

ஆனால் இந்திய ஆட்டக்காரர்களில் ஒரு பெரிய கூட்டம் மறுத்தது. அவர்கள் பேசியதை நெல்லைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்: "ஏலே, நம்ம நாட்டு கேம்லே. கொற சொல்லாத, அஞ்சு ஸ்டார் போடு." வெள்ளைக்காரனுக்கு நம் புராணம் புரியவில்லை, அதனால்தான் மார்க் குறைத்துவிட்டான் என்பது அவர்கள் வாதம். இதற்கு எதிர்க்கூட்டமும் இருந்தது. இந்தியாவில் இருந்து எது வந்தாலும் 'இதெல்லாம் ஒரு கேமா' என்று முதல் பத்து நிமிடத்தில் மூடி வைத்துவிட்டு வெளிநாட்டு கேமுக்குப் போகிறவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டுமே கேமைப் பார்க்கவில்லை, பாஸ்போர்ட்டைப் பார்த்தன.

அந்தக் காலகட்டத்தையும் சொல்லியாக வேண்டும். ராஜி வந்து பன்னிரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 30 அன்று, பிரதமர் மோடி தன் வானொலிப் பேச்சில் இந்தியாவிலேயே, இந்தியாவைப் பற்றியே கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்யச் சொன்னார். செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளுக்குத் தடை வந்தது. ஊரடங்கில் காலேஜ் மூடிக் கிடக்க, வீட்டு வாசல் திண்ணையிலும் வேப்பமர நிழலிலும் உட்கார்ந்து பப்ஜி ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஒரே நாளில் அனாதையானார்கள். செப்டம்பர் 4-ஆம் தேதியே 'ஃபாஜி' என்ற இந்திய கேமுக்கு அறிவிப்பு வந்தது. நடிகர் அக்ஷய் குமார் விளம்பரப்படுத்தினார். அது 2021 குடியரசு தினத்தன்று வெளியானது. வருவதற்கு முன்பே லட்சக்கணக்கில் முன்பதிவு. வந்தபின், எதிர்பார்த்தது வேறு, வந்தது வேறு என்று தெரிந்ததும் அதே ரசிகர்கள் ஒரு ஸ்டார் போட ஆரம்பித்தார்கள். சில நாட்களிலேயே மதிப்பெண் சரிந்தது.

ஃபாஜியும் ராஜியும் தரத்தில் ஒன்று என்று சொல்வது அநியாயம். ஃபாஜி இந்த வகைக் கேமும் அல்ல. ஆனால் இரண்டுக்கும் கிடைத்த அன்பு ஒரே ரகம்தான். சரக்கைப் பார்க்காமலே கொடுத்த அட்வான்ஸ். அட்வான்ஸ் கொடுத்தவன் சரக்கு வந்ததும் வட்டியோடு கேட்பான். ராஜி தப்பித்ததற்குக் காரணம், அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களே கொஞ்சப் பேர்தான் என்பது.

ராஜிக்குச் சலுகை கேட்பவர்கள் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற அந்தச் சின்ன ஸ்டுடியோவை ஸ்ருதி கோஷ், அவிசல் சிங், இயான் மாட் ஆகியோர் ஆரம்பித்தார்கள். 2017-இல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் பொதுமக்களிடம் பணம் திரட்டப் பார்த்தார்கள். இலக்கு எட்டவில்லை. வேலை நிற்காமல் இருக்க ஸ்ருதி கோஷ் தன் ஃபிளாட்டையே விற்றார். படிக்கும்போதே மனசு என்னவோ செய்கிறது. சும்மா சொல்லக்கூடாது, பெரிய காரியம்தான்.

ஆனால் பி.காம். முதல் வருடப் பாடத்தில் வரும் விஷயம் இது: ஒரு பொருளுக்கு என்ன செலவானது என்பது வேறு, அது வாங்குபவருக்கு எவ்வளவு பயன்படும் என்பது வேறு. வீட்டை விற்றுச் செய்த முறுக்கும் முறுக்குதான், கரகரவென்று இருந்தால்தான் அடுத்த பாக்கெட் வாங்குவார்கள். ஃபிளாட் விற்ற கதை ஸ்ருதி கோஷ் என்ற மனிதர் மீது மரியாதை வரக் காரணம். தாவும்போது ராஜி பள்ளத்தில் விழுவதற்கு அது பதில் ஆகாது. அதற்காகக் கூட்டிப் போடும் மார்க் அவருக்குச் செய்யும் மரியாதையும் அல்ல. 'இந்தியாவில் இருந்து வந்ததற்கு இது பரவாயில்லை' என்பது பாராட்டு மாதிரி இருக்கும் வசவு.

சரி, அப்படியானால் விமர்சகர்கள் சொன்னதே சரி என்று முடித்துவிடலாமா? அங்கேதான் சிக்கல். குறை எது என்று சரியாகச் சொன்னவர்கள், அது ஏன் வந்தது என்று பெரும்பாலும் சொல்லவில்லை.

டயாப்லோவில் தரை தட்டையானது. 1996-இல் அந்த வீரன் நடப்பான், அடிப்பான், அவ்வளவுதான். தாவவே மாட்டான். சாய்வுக் கோணத்தில் தூரம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று கண்ணுக்குப் பிரித்துத் தெரியாது. எதிர்மாடியில் இருந்து பார்த்தால் வாசல்படி எத்தனை அங்குல உயரம் என்று சொல்ல முடியாதே, அந்த மாதிரி. அதனால் அந்த வகை விளையாட்டுகள் பெரும்பாலும் உயரம் என்ற பிரச்சினைக்கே போகாமல் ஒதுங்கிக்கொண்டன. ராஜி ஒதுங்கவில்லை. சுவரில் ஓடுகிறாள், தூணைப் பிடித்துச் சுழல்கிறாள், விளிம்பில் தொங்குகிறாள். இதெல்லாம் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' 2003-இல் செய்த வேலைகள். ஆனால் அதில் கேமரா பெரும்பாலும் வீரனுக்குப் பின்னாலேயே வரும், ஆட்டக்காரர் திருப்பிக்கொள்ளலாம். ராஜியில் பிரின்ஸின் கால்களை டயாப்லோவின் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. விழாமல் என்ன செய்வாள்? இது கைநேர்த்திக் குறை அல்ல, எடுத்த முடிவின் விலை.

அந்த முடிவை ஏன் எடுத்தார்கள் என்றால், அதே கேமராதான் இந்த விளையாட்டின் பெரிய அழகு. சில இடங்களில் அது பின்வாங்கி மேலே மேலே போகும். பிரம்மாண்டமான சிலைக்கும் கோட்டைக்கும் நடுவே ராஜி எறும்பு மாதிரி ஆகிவிடுவாள். அப்போது கதை சொல்லும் குரல்கள் கேட்கும். அவை துர்க்கையும் விஷ்ணுவும் பேசிக்கொள்ளும் குரல்கள். மேலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான்! அதாவது ஆட்டக்காரர் பார்க்கும் கோணம் சாமி பார்க்கும் கோணம். டயாப்லோவில் இந்தக் கோணம் வெறும் வசதி, ராஜியில் அதற்கு ஒரு பொருள் இருக்கிறது. 'சூழல் புதுமை' என்று ஒரு வரியில் பாராட்டிவிட்டு, 'கேமரா மோசம்' என்று அடுத்த பத்தியில் மார்க் குறைத்தவர்கள், இரண்டும் ஒரே விஷயம் என்று கவனித்த மாதிரித் தெரியவில்லை. புராணத்தை அவர்கள் வால்பேப்பராகத்தான் பார்த்தார்கள்.

இதைக் கவனித்திருக்க வேண்டியவர்கள் இந்திய ஆட்டக்காரர்கள். அதுவும் சங்கரன்கோவில் வட்டாரத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. சிவன் பெரியவரா விஷ்ணு பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள் சண்டை போட, கோமதி அம்மன் தவம் இருந்து இருவரையும் ஒரே உருவில் காட்டச் சொன்ன கதைதான் அந்த ஊரின் கதை. ஆண்டுதோறும் ஆடித் தபசு அன்று கூட்டம் தெருவை அடைப்பது அதற்காகத்தான். அம்மனும் பெருமாளும் ஒரே பெண்ணின் விதியைப் பற்றிப் பேசிக்கொள்வது அந்த ஊர் ஆளுக்கு அதிசயமே இல்லை, கேட்டுப் பழகிய குரல். கதையை இடையிடையே நிழல்பாவைகளாகக் காட்டுகிறார்களே, அதுவும் தோல்பாவைக்கூத்து பார்த்த கண்ணுக்குப் புதிதல்ல. இதையெல்லாம் வைத்து எவ்வளவோ எழுதியிருக்கலாம். எழுதியது என்னவோ 'ப்ரவுட் டு பி இண்டியன்' என்ற ஒரே வரி. விமர்சகருக்குத் தெரியாததைச் சொல்லும் வாய்ப்பு கையில் இருந்தது. கொடி ஆட்டியதில் அது போய்விட்டது.

இன்னொன்று. அந்தக் கொடியிலும் ஒரு மடிப்பு இருக்கிறது. ரக்ஷா பந்தன் தென்காசிச் சீமையின் பண்டிகை அல்ல. ராஜஸ்தானத்துக் கோட்டையும் பாலைவனமும் இங்கிருந்து பார்த்தால் பாரசீகம் அளவுக்கே தூரம். 2022-இல் திருத்திய பதிப்பு வந்தபோது இந்திக் குரல் சேர்த்தார்கள், தமிழ்க் குரல் இல்லை. இதற்காகக் கோபப்பட வேண்டியதில்லை, சின்ன ஸ்டுடியோவுக்கு எல்லா மொழியும் கட்டுப்படியாகாது. ஆனால் 'நம்ம' என்ற சொல்லுக்கு எல்லை எங்கே என்று அப்போது கேள்வி வருகிறது. 2023-இல் கனடாவின் டொராண்டோவில் இருந்து வந்த 'வெண்பா' என்ற கேமில் அசுரனும் இல்லை, வாளும் இல்லை. புலம்பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம் இட்லியும் பிரியாணியும் சமைக்கிறது, அவ்வளவுதான். பாஸ்போர்ட் படி அது கனடா கேம். 2024-இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதை அது வாங்கியபோது இங்கே சந்தோஷப்பட்டவர்கள் பாஸ்போர்ட் பார்க்கவில்லை.

வெண்பாவையும் ராஜியையும் ஒரே குறை துரத்தியது: சின்னதாக இருக்கிறது, காசுக்குப் பத்தாது. ஆட்டக்காரர்கள் ரூபாயை மணி நேரத்தால் வகுத்துப் பார்க்கிறார்கள். நாலரை மணி நேரத்துக்கு இவ்வளவா என்று கேட்கிறார்கள். பாக்கெட் மணியில் வாங்குபவரின் கேள்வி என்பதால் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த வகுத்தலை நம்பினால் 2022 ஜூனில் வந்த 'டயாப்லோ இம்மார்ட்டல்'தான் உலகத்திலேயே சிறந்த கேமாக இருக்க வேண்டும். வாங்கக் காசே வேண்டாம், ஆடினால் முடியவே முடியாது! மெட்டாகிரிட்டிக்கில் ஆட்டக்காரர்கள் அதற்குப் போட்ட மார்க் பத்துக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. உள்ளே போனபின் ஒவ்வொரு படிக்கும் பணம் கறக்கிறது என்ற கோபம். விமர்சகர்களோ அவ்வளவு மோசமில்லை என்றார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பு 'டயாப்லோ 3' வந்தபோதும் இதே கதை. 2012 மே 15 அன்று வெளியாகி முதல் 24 மணி நேரத்தில் 35 லட்சம் பிரதிகள் விற்றது. விமர்சகர் சராசரி நூற்றுக்கு 88, ஆட்டக்காரர் மார்க் பத்துக்கு நாலை ஒட்டி. காசு கொடுத்து வாங்கியவர்கள் சர்வருக்குள் நுழைய முடியாமல் 'எரர் 37' என்ற அறிவிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிஜப் பணத்துக்கு வாளும் கவசமும் விற்கும் ஏலக்கடையை விளையாட்டுக்குள்ளேயே வைத்திருந்ததும் எரிச்சல். கடைசியில் 2014 மார்ச்சில் அந்தக் கடையைக் கம்பெனியே மூடியது.

அந்த இரண்டு இடத்திலும் ஆட்டக்காரர்கள் விமர்சகரைவிடக் கூர்மையாக இருந்தார்கள். காரணம், அவர்கள் தங்களுக்கு என்ன நடந்தது என்பதைச் சொன்னார்கள். ராஜி விஷயத்தில் அதே ஆட்டக்காரர்கள் மழுங்கிப் போனதற்குக் காரணம், தங்களுக்கு என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டுத் தங்கள் நாட்டுக்கு என்ன நடந்தது என்று சொல்லப் போனது.

ராஜியின் நேரமும் சரியில்லை. கம்ப்யூட்டரில் அது வருவதற்கு நாலு வாரம் முன்பு, செப்டம்பர் 17 அன்று, 'ஹேடிஸ்' வெளியானது. அதே சாய்வுக் கோணம், அதே மாதிரி புராணம், கிரேக்கர்களுடையது. விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். 2021-இல் ஹூகோ விருதுகூட வாங்கியது. ஹேடிஸ் ஆடிய கையோடு ராஜியை ஆடினால் மாட்டு வண்டியில் ஏறிய மாதிரி இருக்கும், உண்மை. ஆனால் ஹேடிஸ் அந்த ஸ்டுடியோவின் நாலாவது கேம். அதற்கு முன் 2011, 2014, 2017 என்று மூன்று செய்து பழகியவர்கள். அதையும் 2018 டிசம்பரிலேயே பாதி வெந்த நிலையில் விற்பனைக்கு விட்டு, கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆட்டக்காரர்களின் திட்டைக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார்கள். அவர்களுக்கு ரசிகர்கள் கொடுத்தது ஸ்டார் மட்டும் அல்ல, இந்த ஆயுதம் உதவாது, அந்த அறை சலிப்பு என்று குறித்துக் கொடுத்த பட்டியலும்தான்.

ராஜிக்கு அப்படி ஒரு பட்டியல் கிடைத்தது வெளியான பிறகு, அதுவும் பெரும்பகுதி அந்த எழுபது மார்க் விமர்சகர்களிடமிருந்து. 2020 டிசம்பரில் தி கேம் அவார்ட்ஸில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பரிந்துரையில் ராஜி இருந்தது. பரிசு 'ஃபாஸ்மோஃபோபியா'வுக்குப் போனது. ஸ்டுடியோ அத்தோடு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம், போகவில்லை. 2022-இன் திருத்திய பதிப்பில் சண்டையையும் ராஜியின் அசைவுகளையும் ஒளியையும் சீர்செய்து கொடுத்தார்கள். விறைப்பாக இருக்கிறது என்று சொன்னவர்களின் வரி அதில் தெரிகிறது. அஞ்சு ஸ்டார் போட்டு ஒரு வரி எழுதியவர்கள் சொன்னதில் திருத்திக்கொள்ள எதுவும் இருந்திருக்காது.

இன்றைக்கு ராஜியை முதன்முதலாக ஆடுகிறவர் அந்தப் பதிப்பிலேயே ஆடலாம். தூணைச் சுற்றி அடிக்கும் அடி இப்போது கொஞ்சம் வேகமாக விழும். விளிம்பில் தாவும்போது மட்டும் கவனம், அங்கே இன்னமும் மேலிருந்துதான் பார்க்க வேண்டும்.